அருவருப்புப் பதிவேடு

"அப்பா, நான் தூங்கிட்டா என்னை நாலாவது மாடி வரைக்கும் தூக்கிட்டுப் போவாரே ஒரு அப்பா, அவரு எப்ப திரும்பி வருவாரு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்திரைக்காரரிடம் அவருடைய ஏழு வயது மகள் கேட்ட கேள்வி இது. பஸ்ஸிலேயே தூங்கிவிட்டவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் இரண்டு மாடி ஏறியிருந்தார். அதற்கு மேல் மூச்சு ஒத்துழைக்கவில்லை. "கண்ணு, எந்திரிடா, மிச்சத்த நீயே ஏறு" என்று எழுப்பி இறக்கிவிட்டார். அவள் குறும்பாகக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அவளோ கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஊருக்குப் போயிருக்கிற உறவுக்காரரை விசாரிப்பது போல அந்தப் பழைய அப்பாவை விசாரித்தாள்.

முத்திரைக்காரர் என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். கடைத்தெருக்களில் இருக்கிற தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்துவது அவர் வேலை. ஒரு மரப்பெட்டியில் பித்தளை எடைக்கற்கள், சட்டைப் பையில் ஒரு சின்னத் திருப்புளி, இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை என்பதால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கே தராசைப் பார்த்தாலும், ஒன்றும் வைக்காதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கண் போகும். நிற்கவில்லையென்றால், கேட்காமலே கை போய்த் திருகைத் திருப்பிவிடும். மகள் பிறந்தபோது பிரசவ அறை வாசலில் இருந்த குழந்தைத் தராசை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளையின் முகத்தையே பார்த்தார். அதற்கு நர்ஸ் திட்டியதை அவர் மனைவி இன்றைக்கும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் கும்பிடும்போது, எப்போதும் கேட்கிற எதையும் கேட்காமல், அந்த அப்பாவைத் திருப்பிக் கொடு என்று மட்டும் கடவுளிடம் கேட்டார்.

மனைவிக்கு இதில் பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை. "காலையில எந்திரிச்சு நம்ம மாடிப்படியவே ரெண்டு தடவ இறங்கி ஏறுங்க. தானா வந்துடுவாரு அந்த அப்பா" என்றாள். இலவசமாகக் கிடைத்த யோசனை என்பதால் அவருக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஆறு மாதமாக அவன் முகத்தில் ஒரு மினுமினுப்பு. சோறு, ரொட்டி என்ற சொற்களைக் கேட்டால் துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி தலையை ஆட்டுவான். "மாமா, நீங்க இப்ப வாழல. சும்மா கெட்டுப்போகாம இருக்கீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி, அவரை முழுமை நல நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

நிலையம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. பன்னிரண்டு வாரப் பயிற்சி. ஒரு அணிக்கு நாற்பது பேர். புதிதாகச் சேருகிறவர் விதை. தேறினால் முளை, பிறகு தளிர், கடைசியில் கிளை. மச்சான் கிளை. அவனுடைய மணிக்கட்டில் பச்சைப் பட்டை. இவருக்கு மண் நிறத்தில் ஒன்றைக் கட்டி, விதை இருபத்தேழு என்று எழுதினார்கள்.

முதல் நாள் தலைமை வழிகாட்டி பேசினார். வெள்ளை உடை, வெள்ளைச் செருப்பு, வெள்ளைப் பல்.

"உங்க உடம்பு ஒரு பொய்யன். பிடிச்சதைத்தான் கேக்கும். அதனால பிடிக்காததுதான் மருந்து. இதக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னால பதினாலு வருஷம் நான் குளியலறை ஓடு வித்தேன். அங்கதான் ஒண்ணு கத்துக்கிட்டேன். பளபளன்னு இருந்தா மனுஷன் விசாரிக்க மாட்டான். நேரா வந்து சறுக்கி விழுவான்."

எல்லோரும் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள். முத்திரைக்காரரும் தட்டினார்.

பிறகு சாறு வந்தது. குளத்து மூலையில் காற்று ஒதுக்கித் தள்ளிய நுரையின் நிறம். பல நாள் மூடிக் கிடந்த நீர்த்தொட்டியைத் திறந்தாற்போல ஒரு வாடை. நிலையத்து முறைப்படி மூக்கைப் பிடிக்கக்கூடாது, கண்ணை மூடக்கூடாது, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், குடித்ததும் வலக்கையை நெஞ்சில் வைத்து "இனிமை" என்று சொல்ல வேண்டும். சாப்பிடுமுன் கைகூப்புவது முத்திரைக்காரரின் வழக்கம். பழக்கத்தில் கூப்பினார். சாறு அலுவலர் அந்தக் கையை மெல்லப் பிரித்துவிட்டு, இங்கே நன்றி சாற்றுக்கு மட்டும்தான் என்றார்.

குடித்தார். தொண்டையில் அது இறங்குவதாகத் தெரியவில்லை, ஏதோ ஒன்று உள்ளே நடந்து போவதாகத்தான் தெரிந்தது. "இனிமை" என்று சொல்ல வாயைத் திறந்தபோது, அந்தச் சொல்லோடு சேர்ந்து வேறு என்னென்னவோ வரப் பார்த்தது.

உடனே அருவருப்புப் பதிவேட்டை நீட்டினார்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு அருவருப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அருவருப்பு என்பது உடம்பில் இருக்கிற நஞ்சு போடுகிற கூச்சல். கூச்சல் அதிகமென்றால் மருந்து வேலை செய்கிறது. அருவருப்பே இல்லையென்றால் நஞ்சு ஊமையாகிவிட்டது, அது இன்னும் ஆபத்து, கூட ஒரு டம்ளர். ஆகவே எல்லோரும் எட்டு, ஒன்பது என்று எழுதினார்கள். பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முன்வரிசைக்குப் போவதற்காக மிகவும் பண்போடு ஓங்கரித்துக் காட்டினார். முத்திரைக்காரருக்கு அளவு விஷயத்தில் பொய் வராது. நன்றாக யோசித்து ஆறு என்று எழுதினார். கையூட்டு வாங்காத அலுவலரைப் பார்ப்பது போல எல்லோரும் அவரைச் சங்கடத்தோடு பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவர் நாக்குக்கு விடுமுறை என்பதே இல்லை. மதியம் தவிட்டு உருண்டை. ஒரு வாய்க்கு நூறு முறை மெல்ல வேண்டும், மணியடித்தபடி ஒருவர் எண்ணுவார். நாற்பதாவது மெல்லலில் அது ஈரமான அட்டைப்பெட்டி ஆகும். எண்பதில் அது தன்னுடைய வாயில்லை, வேறு யாருடையதோ என்று தோன்றிவிடும். செவ்வாய்க்கிழமை வெட்டுக்கிளி மாவு. அதில் சில கால்கள் மாவாக மறுத்து முழுசாகவே இருந்தன. வியாழக்கிழமை கழுத்தளவு மண் தொட்டி. சேறு குளிர்ந்துபோய், சோற்றுப்பானை அடியில் நின்ற தண்ணீர் போலக் கொழகொழத்தது. முன்னால் இறங்கியவரின் முடி ஒன்று அவர் உதட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. அது மண்ணின் நினைவு என்றார் பொறுப்பாளர். பாதங்களைத் தண்ணீரில் வைத்தால் நஞ்சு வெளியேறித் தண்ணீர் பழுப்பாகும் என்று ஒரு சிகிச்சை. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே தண்ணீர் பழுப்பாகிவிட்டது. கேட்டதற்கு, அவ்வளவு நஞ்சு உங்களுக்கு என்று அனுதாபப்பட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் நாக்குப் பரிசோதகர். தினமும் காலை, தட்டையான ஒரு குச்சியால் நாக்கை வழித்து, வழித்ததை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, எண்ணும் தேதியும் எழுதி, கூடத்து அலமாரியில் அடுக்குவார். கூடத்துக்குள் நுழைகிறவர்கள் கடவுள் படத்தைப் பார்ப்பது போல முதலில் அந்த அலமாரியைப் பார்க்க வேண்டும். வாரத்தின் சிறந்த வழிப்புக்கு ஒரு காகிதப் பூ உண்டு.

இரண்டாவது வாரம் ஆளுக்கொரு கண்ணாடிச் சாடி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே புளித்த தேநீர், அதன்மேல் மிதக்கிற ஒரு சவ்வு. வெளிறிய, வழவழப்பான, காது மடல் போன்ற சவ்வு. தினமும் சர்க்கரை போட்டு, பத்து நிமிடம் அன்பாகப் பேச வேண்டும். சாடி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது. மகள் அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தாள்.

"அப்பா, தம்பி குமிழி விடுறான். பசிக்குது போல."

மனைவி சாடியைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "இந்த வீட்ல ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யோசிச்சுச் சொல்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். திரைச்சீலை போட்ட ஒரு சிற்றறை. நடுவில் ஒரு பெரிய முள் தராசு. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தின்மேல் ஒரு தளிர் படம் ஒட்டியிருந்தார்கள். முள் காட்டுவதை எடை அலுவலர்தான் படிப்பார். முதல் வாரம் தொண்ணூற்றொன்று, அடுத்த வாரம் தொண்ணூறு, அதற்கடுத்த வாரம் எண்பத்தொன்பது என்று அவருக்கு இறங்கிக்கொண்டே வந்தது. ஈய முத்திரை இருக்க வேண்டிய குழி காலியாக இருந்ததைப் பார்த்து, முதல் வாரமே அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எடை அலுவலர் சிரித்தார். இங்கே எதையும் நிறுத்து விற்பதில்லையே, பிறகு எதற்கு முத்திரை என்றார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முத்திரைக்காரர் தராசில் ஏறி நின்றார். கடைத்தெருவில் தான் ஒன்று சொன்னால் மற்றவர்கள் நம்புகிறார்கள், அது போல இவர்கள் சொல்வதைத் தானும் நம்ப வேண்டாமா என்று நினைத்துக்கொண்டார்.

"எண்பத்தொன்பதாம்" என்று அவர் வீட்டில் சொன்னபோது, மனைவி துவைத்த பேன்ட்டை உதறிக் கொடியில் போட்டாள். "இந்த பேன்ட்டுக்கு மட்டும் யாரும் சொல்லல போல. இன்னும் பழைய ஓட்டையிலதான் பெல்ட்டு மாட்டுது" என்றாள்.

நான்காவது வாரம் வெறுமை விரதம் வந்தது. மூன்று நாள் சாறு மட்டும். இரண்டாவது நாள் புதன்கிழமை, முதல் டம்ளர் உள்ளே போனதும் முத்திரைக்காரருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் வாந்தி எடுத்தால் அதையும் கிண்ணத்தில் பிடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், சமையலறையைத் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனார்.

அங்கே பாத்திரம் கழுவுகிற அக்கா மேல்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆறு தண்ணீர் கேன்கள், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். காலை ஆறு மணிக்கு வேன்காரர் அவற்றைக் கீழே பின்வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போவார். ஏழு மணிக்கு வந்து ஒவ்வொன்றாகத் தூக்கி அவள் மூன்று மாடி ஏற வேண்டும். லிஃப்ட் உண்டு. ஆனால் அது மந்திரம் சொல்லித் தூய்மை செய்த லிஃப்ட். பயிற்சி பெறுவோரின் அதிர்வைக் கேன்கள் கீழே இழுத்துவிடும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் மடியிலிருந்த டப்பாவைத் திறந்து அவர் கையில் வைத்தாள். உப்பும் மிளகும் தூவிய இரண்டு அவித்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு ரொட்டி.

"பேசாம சாப்பிடு தம்பி. பேசுனா வெளிய வந்துடும்."

"உங்களுக்கு?"

"நான் இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சேன்."

டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தது. மூடியின் உட்புறத்தில் ஆவி இன்னும் முத்து முத்தாக நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் முத்திரைக்காரர் தெரிந்தே பிடிக்காமல் விட்ட முதல் பொய் அது. அவர் கைகூப்பினார். யாரும் கையைப் பிரித்துவிடவில்லை. அவளும் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். உருளைக்கிழங்கு நாக்கில் பட்டதும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உப்பு உப்பாகவே இருந்தது, கிழங்கு கிழங்காகவே இருந்தது, எதையும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உள்ளே திரும்பும்போதுதான் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தார். பயிற்சி பெறுபவருக்கு வெளி உணவு கொடுக்கும் பணியாளர் அன்றே நீக்கப்படுவார். அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடுகிறவள் அவள்தான்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை அவர் கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டார். எடை அறையில் யாரும் இல்லை. தளிர் படத்தின் ஒரு மூலை பசை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. விரல் சும்மா இருக்கவில்லை. தூக்கிப் பார்த்தார். முள், பூஜ்யத்துக்கு ஆறு கிலோ கீழே, ஒன்றும் தெரியாதது போல நின்றுகொண்டிருந்தது.

தும்மல் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? திருப்புளி சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது, திருகில் உட்கார்ந்தது, ஒன்றரைச் சுற்று சுற்றியது. முள் பூஜ்யத்தில் நின்றதும் பைக்குத் திரும்பியது. படத்தை அழுத்தி ஒட்டிவிட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதே முத்திரைக்காரருக்கு உறைத்தது. அதற்குள் மணி அடித்து, வரிசை வந்துவிட்டது.

முதலில் ஏறியவர் ஆசிரியை. எடை அலுவலர் படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். போன வாரத்தைவிட ஆறு கிலோ கூடுதல். அடுத்தவருக்கும் ஆறு. அதற்கடுத்தவருக்கும் ஆறு. பதினைந்தாவது ஆள் ஏறுவதற்குள் அழுகை தொடங்கிவிட்டது. அணிக்கு வழிகாட்டியாக வந்திருந்த மச்சானும் ஏறிப் பார்த்தான். இறங்கியபோது அவன் முகத்தில் மினுமினுப்பு இல்லை. ஒரு மாதமாக வெட்டுக்கிளியைத் தவிர வேறெதையும் கண்ணால் கூடப் பார்க்கவில்லை மாமா என்று அவர் காதில் தழுதழுத்தான்.

கூடத்தில் எல்லோரையும் தரையில் உட்காரவைத்தார்கள். தலைமை வழிகாட்டி மெதுவாக நடந்து வந்தார்.

"சாறு பொய் சொல்லாது. தராசு பொய் சொல்லாது. மிச்சம் இருக்கறது நீங்கதான்" என்றார். "நாப்பது பேருக்கும் சொல்லி வச்ச மாதிரி ஆறு கிலோ. ஒருத்தருக்கு ஏறியிருந்தா பலவீனம். நாப்பது பேருக்கும் ஒரே அளவுன்னா, அது சதி."

தேடச் சொன்னார். பைகளைக் கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சமையலறைக்குப் போனவர்கள், தட்டுப் பலகையிலிருந்து பாத்திரக்கார அக்காவின் டப்பாவோடு வந்தார்கள். உள்ளே இரண்டு அவித்த உருளைக்கிழங்கு. அவற்றை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து கூடத்து நடுவில் வைத்தார்கள். அவளைக் கூப்பிட்டு, ஈரக்கையோடு நிற்கவைத்தார்கள். அது தன்னுடைய மதியச் சாப்பாடு என்று அவள் சொன்னது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அப்போது நாக்குப் பரிசோதகர் எழுந்தார். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை, விரதத்தின் மூன்றாவது நாள், ஒரு விதையின் நாக்கில் மாவுச்சத்து இருந்தது. அன்றைக்கே சந்தேகப்பட்டேன் என்றார். அலமாரியிலிருந்து கிண்ணத்தைக் கொண்டுவந்தார். வழிப்பு காய்ந்து, ஓரத்தில் பச்சை பூத்து, நடுவில் மஞ்சளாக எதுவோ இருந்தது. அதை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், வைரம் பார்க்கிறவர் போலக் கண்ணைச் சுருக்கி, உருளைக்கிழங்கு, மிளகோடு என்று தீர்ப்புச் சொன்னார். விதை இருபத்தேழு.

நாற்பது தலைகள் திரும்பின. முத்திரைக்காரர் எழுந்து நின்றார். எதிரே அக்காவும் நின்றாள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அது நான்தான் சார், அவரு பாவம்..." என்று தொடங்கினாள்.

"நான் கொண்டுவந்தேன்" என்றார் முத்திரைக்காரர். "வீட்லேர்ந்து. பைல மறைச்சு. இவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

வாழ்க்கையில் அளந்து சொல்லாத முதல் வாக்கியம். சாப்பிட்டு முடித்துவிட்டதாக அன்றைக்குத் தனக்காக அவள் சொன்ன பொய்க்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை என்று அவருக்குப் பட்டது. அதைச் சொன்ன கையோடு, இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்று, காலையில் எடை அறையில் நடந்ததையும் சொன்னார். தராசு ஆறு கிலோ குறைத்துக் காட்டியது, நான்தான் சரிசெய்தேன், யாருக்கும் ஏறவில்லை, யாருக்கும் இறங்கவும் இல்லை.

பொய்யை அவர்கள் அந்த நொடியே நம்பினார்கள். உண்மைக்குத்தான் ஆதாரம் கேட்டார்கள்.

அவர் வேலைக்காகக் கூடவே கொண்டுவந்திருந்த மரப்பெட்டியைத் திறந்து, ஐந்து கிலோ பித்தளைக் கல்லை எடுத்துப்போய்த் தராசின்மேல் வைத்தார். திரையை விலக்கி எல்லோரும் பார்த்தார்கள். முள் ஐந்தில் நின்றது, ஒரு மயிரிழை பிசகாமல்.

"இதே கல்ல போன வாரம் வச்சிருந்தா?" என்று கேட்டார் தலைமை வழிகாட்டி.

"பூஜ்யத்துக்கும் கீழ போயிருக்கும். ஒரு ரெண்டு கோடு வரும்னு வைங்களேன். அது எப்படிங்க ஒரு கல்லு..."

"கேட்டீங்களா?" தலைமை வழிகாட்டி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அவர் குரல் உண்மையிலேயே நடுங்கியது. "பித்தளைக் கல்லு. சாறு குடிக்காத கல்லு. நம்ம இடத்துல வச்ச மாத்திரத்துல ஒண்ணுமில்லாததவிட லேசாயிருக்கும். அந்த அளவுக்கு இங்க நன்மை ஊறிப்போயிருக்கு. இவரு ஒரு திருப்புளிய வச்சு அத நிறுத்திட்டாரு. இப்ப அந்தக் கல்லப் பாருங்க, பாவம், மறுபடியும் அஞ்சு கிலோ."

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. ஆசிரியை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். எடை அலுவலர் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்ப உள்ளே போனார். மச்சான் ஒரு கணம் மாமாவைப் பார்த்தான், பிறகு தன் பச்சைப் பட்டையைப் பார்த்தான், பிறகு அவனும் தட்டினான்.

விதை இருபத்தேழின் மணிக்கட்டுப் பட்டையைக் கத்தரித்தார்கள். சாடியைச் சவ்வோடு திருப்பித் தர வேண்டும் என்றார்கள். கடைசியாக அருவருப்புப் பதிவேட்டை நீட்டினார்கள். வழக்கம்போல அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முதல் முறையாகப் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாறு அலுவலர் அதைப் பார்த்துவிட்டு உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இப்பத்தான் சார் உங்களுக்குத் திறந்திருக்கு. இன்னும் ஆறே வாரம் இருந்திருந்தா..."

அவர் முன்வாசல் லிஃப்டில் இறங்கவில்லை. பின்பக்கப் படிக்கட்டில் சில படிகள் கீழே அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளை நீக்கவில்லை. ஆனால் இனிமேல் டப்பா கொண்டுவரக்கூடாது, மதியம் அவளுக்கும் தவிட்டு உருண்டைதான் என்று சொல்லிவிட்டார்கள். "ஏன் தம்பி அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். திருப்பத்தில் திரும்பிப் பார்த்தபோது, அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒரு காலை முதலில் வைத்து, அதன் பக்கத்தில் மறுகாலை வைத்து ஏறிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சாடித் தம்பியைப் பிரிவதற்கு மகள் மட்டும் கொஞ்சம் அழுதாள். மனைவி சாடியைத் தானே கொண்டுபோய் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். போகும்போது முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அவள் மறைக்க முயலவேயில்லை.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு, காய்கறிச் சந்தைக்குப் போகிற வழியில், முத்திரைக்காரர் மெத்தைக் கடையின் பின்வாசலில் நின்றார். வேன் போய்விட்டிருந்தது. ஆறு கேன்களும் சுவரோரம் நின்றன. ஒன்றைத் தோளில் ஏற்றினார். முதல் மாடியில் இறக்கி உட்கார்ந்தார். இரண்டாவது மாடியில் இறக்கி, கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். மூன்றாவது மாடி சமையலறைக் கதவருகே அதை வைத்துவிட்டு இறங்கியபோது, இன்னும் ஐந்து சுவரோரம் காத்திருந்தன. அன்றைக்கு மூன்றுதான் முடிந்தது. கீழே செருப்புச் சத்தம் கேட்டதும் மூன்றாவது மாடி நடைவழியாக முன்பக்கப் படிக்கட்டுக்குப் போய், திருடன் போல இறங்கிப் போனார். அடுத்த வாரம் தினமும் நான்கு. ஒரு மாதம் கழித்து ஆறும்.

கேன்கள் தானாக மேலே வருவதைப் பற்றி நிலையத்தில் பலவிதமாகப் பேசிக்கொள்வதாக மச்சான் மூலம் தெரிந்தது. அவன் இப்போதும் கிளைதான்; ஆனால் இவர் வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திவிட்டு ரொட்டி சாப்பிடுவான். நிலையத்தின் அதிர்வு இப்போது தண்ணீரையே தூக்க ஆரம்பித்துவிட்டது என்று தலைமை வழிகாட்டி ஒரு உரையில் சொன்னாராம். பாத்திரக்கார அக்கா அதை நம்பவில்லை. வேன்காரர்தான் இரக்கப்பட்டு ஏற்றி வைக்கிறார் என்று நினைத்து, ஒரு நாள் அவருக்கு உருளைக்கிழங்கு அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவரும் எதற்கென்று கேட்காமல் வாங்கிச் சாப்பிட்டாராம். இதைக் கேட்டு முத்திரைக்காரர் வெகுநேரம் சிரித்தார். என்ன சிரிப்பு என்று மனைவி கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றார். பெல்ட் இன்னும் பழைய ஓட்டையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை வீட்டிலேயே மனைவி ஒரு வேலையாகத் தங்கிவிட்டாள். அப்பாவும் மகளும் மட்டும் பஸ்ஸில் வந்தார்கள். நிறுத்தம் வருவதற்குள் மகள் தூங்கிவிட்டாள். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். முதல் மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கை தானாகக் கைப்பிடியைத் தேடியது, பிடிக்காமலே தாண்டியது. மூன்றாவது மாடியில் அவள் தூக்கத்தில் ஏதோ முனகி, அவர் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நான்காவது மாடியில் ஒரு கையால் பூட்டைத் திறந்து, கட்டிலில் அவளைக் கிடத்தி, செருப்பைக் கழற்றி, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பார்க்க யாரும் இல்லை.

சாயங்காலம் அவள் கண்விழித்தாள். கட்டிலில் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. அந்த அப்பா ஊரிலிருந்து எப்போது வந்தார் என்று கேட்கவும் இல்லை. "அப்பா, தண்ணி" என்றாள். எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை அவர் கிளம்பியபோது, முதல் நாள் இரவே திரும்பிவிட்டிருந்த மனைவி படுக்கையிலிருந்தே கேட்டாள்: "அதான் நேத்து முழுசா தூக்கிட்டு ஏறிட்டீங்களாமே, கீழ இருக்கற கடைக்காரம்மா பாத்தாங்களாம். இன்னிக்குமா சீக்கிரம் போகணும்?"

"ஒரு சின்ன வேல பாக்கி இருக்கு" என்றார்.

பின்வாசலில் கேன்கள் நின்றன. ஆறும் மேலே போய்ச் சேர்ந்த பிறகு, எட்டிப் பிடிக்க வசதியாகக் கைப்பிடிகளைக் கதவுப் பக்கம் திருப்பி வரிசையாக வைத்தார். மேல்படியில், அவள் உட்காருகிற இடத்தில் கொட்டியிருந்த தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தார். சட்டைப் பையில் திருப்புளியோடு ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. இரண்டு அவித்த உருளைக்கிழங்கு, உப்பும் மிளகும் போட்டது, இன்னும் சூடு ஆறாதது. அதை யார் கண்ணிலும் படாதபடி முதல் கேனுக்குப் பின்னால், சுவரோரம் வைத்தார். கீழே செருப்புச் சத்தம் தொடங்கியது, ஒரு காலும் அதன் பக்கத்தில் மறுகாலுமாக. அவர் முன்பக்கப் படிக்கட்டில் இறங்கிச் சந்தைக்குப் போனார்.